எஞ்சிய மாதிரி

காலை எட்டு மணி ஏழு நிமிடத்துக்கு வளர்ப்புப் பறவைகள் அதிகாரசபையின் இரும்புக் கதவைத் திறந்தார்கள். பௌஸி ஆறே முக்காலிலிருந்து பாமன்கடையில் அந்தக் கதவின் முன்னால் நின்றிருந்தார். உள்ளே போனதும் உட்காரப் பார்த்தார். எட்டேகால் வரை யாரும் உட்காரக் கூடாது என்று காவலாளி சைகை காட்டினான்.

மண்டபத்தின் நடுவில் ஆளுயரச் சேவல் ஒன்று இருந்தது. சீமெந்துச் சேவல். ஊழியர்கள் அதைச் சுற்றி நின்று, நெஞ்சில் கை வைத்து உறுதிமொழி எடுத்தார்கள். இந்நாட்டின் வளர்ப்புப் பறவைகளில் ஒட்டுண்ணி இல்லை, இருந்ததில்லை, இருக்கப்போவதுமில்லை. முதலில் சிங்களத்தில், பிறகு தமிழில். பௌஸியும் நெஞ்சில் கை வைத்தார். ஒரு வேலையாக வந்த இடத்தில் முறைத்துக்கொண்டு நிற்க முடியாது. ஒட்டுண்ணி இருக்கிறது என்று எழுதி வாங்குவதுதான் அவருடைய வேலை.

பௌஸிக்குக் கொட்டாஞ்சேனையில் கோழிக்கடை. இருபத்தாறு வருடமாக நடத்துகிறார். மனைவி மௌத்தாகி ஐந்து வருடம். ஒரே மகள் பர்ஹா. அவளுடைய மாப்பிள்ளை இப்ஹாம் டோஹாவில். முதல் பிள்ளைக்குத் தாய் வீடு என்பது முறை. அவள் வாப்பாவிடம் வந்திருந்தாள். உம்மா இருந்தால் செய்வதையெல்லாம் பௌஸியே செய்தார். இரத்தம் குறைவு என்று கிளினிக்கில் சொன்ன நாளிலிருந்து கிழமைக்கு மூன்று நாள் ஈரல். ஈரலை வேகவைத்தால் சத்துப் போய்விடும் என்பது அவருடைய குடும்பத்தில் எல்லாருக்கும் தெரிந்த விஷயம். நெய்யில் இந்தப் பக்கம் ஒரு தடவை, அந்தப் பக்கம் ஒரு தடவை. உள்ளே சிவப்பாக இருக்க வேண்டும்.

மகளுக்குப் புரொயிலர் கோழியின் ஈரலை அவர் கொடுக்கவில்லை. வெளியில் மேயவிட்டு வளர்க்கும் பண்ணைக் கோழி வாங்கினார். பெட்டிக்குப் பெட்டி அதிகாரசபையின் பச்சை ஸ்டிக்கர் ஒட்டியிருந்தது: ‘ஒட்டுண்ணியற்றது.’

பர்ஹாவுக்கு இப்போது கர்ப்பத்தின் பதினெட்டாம் கிழமை. சில கிழமைக்கு முன் எடுத்த இரத்தப் பரிசோதனையில் ஏதோ வந்திருந்தது. பொரளையில் டாக்டர் நிஷாந்தி பௌஸியை மட்டும் உள்ளே கூப்பிட்டு விளக்கினாள். பூனை கழிக்கும். கோழி அதைக் கொத்தும். கோழியின் சதையில் அந்த உயிர் குடியிருக்கும். நன்றாக வெந்தால் செத்துவிடும். வேகாவிட்டால் தின்றவளுக்குப் போகும்.

“பர்ஹாவுக்கு உடம்பில ஒண்டும் தெரியாது, அங்கிள். காய்ச்சல் மாதிரி வந்து போயிருக்கும். பிள்ளைக்குப் போனால் மூளைக்குப் போகும், கண்ணுக்குப் போகும். போறதுக்கு முதல் மாத்திரை தொடங்க வேணும்.”

அந்த மாத்திரை நாட்டில் இல்லை. இப்ஹாம் நாலே நாளில் டோஹாவிலிருந்து அனுப்பிவிட்டான். பெட்டி வந்து இறங்கியது. சுங்கக் களஞ்சியத்தில் மறித்துவிட்டார்கள். நாட்டில் இல்லாத நோய்க்கான மருந்து நாட்டுக்குள் வர முடியாது. நோய் இருக்கிறது என்று பறவைகளுக்குப் பொறுப்பான அதிகாரசபை ஒரு கடிதம் கொடுத்தால் பெட்டியை அன்றே எடுத்துப் போகலாம். பிறகு இப்ஹாமின் கூட்டாளி ஒருவன் சட்டைப்பைக்குள் கொண்டுவந்த இரண்டு பட்டை மாத்திரையையும் வழியில் பிடித்து அதே பெட்டியோடு வைத்தார்கள்.

மூன்றாம் கவுண்டரில் பிறெடி இருந்தான். கொட்டாஞ்சேனைக்காரன். ஞாயிற்றுக்கிழமைக் கறிக்குப் பௌஸியிடம்தான் வாங்குவான்; அண்ணன் முறை வைத்து ‘நானா’ என்றுதான் கூப்பிடுவான். பௌஸி சொன்னதை முழுக்கக் கேட்டான். கவலைப்பட்டான். பிறகு இரண்டு கையையும் விரித்தான்.

“நானா, நீங்க கேக்கிற சாமான் எங்கட்ட இல்ல. எங்கட்ட இருக்கிறது எல்லாம் ‘இல்லை’தான்.”

அது உண்மை. அதிகாரசபை தொடங்கிப் பத்து வருடமாகிறது. அன்றிலிருந்து ‘ஒட்டுண்ணி இல்லை’ என்ற சான்றிதழ் மட்டுமே கொடுத்து வருகிறது. ‘உண்டு’ என்பதற்கு விண்ணப்பப் படிவமே கிடையாது. பிறெடி ஒரு வழி சொன்னான். ‘இல்லை’ படிவத்தையே நிரப்புவது. ஆய்வுகூடம் பரிசோதிக்கும். இல்லை என்று சொல்ல முடியாமல் போனால், இல்லை என்று சொல்ல முடியாது என ஒரு கடிதம் வரும். களஞ்சியத்துக்கு அது போதும்.

அதற்கு அதே பண்ணையின் கோழி பன்னிரண்டு வேண்டும். ஒவ்வொன்றும் இரண்டு கிலோவுக்குக் குறையக் கூடாது. தோல் உரித்து, கறிக்கு வெட்டி, தனித்தனிப் பையில் போட்டுக் கொண்டுவர வேண்டும்.

“டெஸ்டுக்கு என்னத்துக்குக் கறிக்கு வெட்டுற?” என்று பௌஸி கேட்டார்.

“ஆய்வுகூடத்தில கத்தி இல்ல, நானா.”

வியாழக்கிழமை பௌஸி பன்னிரண்டு பையோடு போனார். வெள்ளைக் கோட்டு அணிந்த ஒருவர் ஒவ்வொரு பையிலிருந்தும் இதயத்தில் நகக்கண் அளவு கிள்ளி எடுத்து ஒரு தட்டில் வைத்தார். மீதிப் பைகள் நடைபாதை மேசைக்குப் போயின. மேசைக்கு மேலே பலகையில் ஒரு பட்டியல் ஒட்டியிருந்தது: ‘எஞ்சிய மாதிரி – பகிர்வு ஒழுங்கு.’ பணிப்பாளருக்கும் பிரதிப் பணிப்பாளருக்கும் தொடை. ஐந்து வருடத்துக்கு மேல் சேவை செய்தவர்களுக்கு நெஞ்சு. கவுண்டர்காரருக்குக் கழுத்தும் முதுகும். தற்காலிக ஊழியருக்குக் கால்.

பட்டியலுக்குக் கீழே ஒரு சுற்றறிக்கை. மேல் மூலையில் ‘வெளியாட்களுக்குக் காட்டலாகாது’ என்று இருந்தது. யாரும் அதை மறைத்திருக்கவில்லை.

‘எஞ்சிய மாதிரியை ஊழியர்கள் எக்காரணம் கொண்டும் அரைவேக்காட்டில் உண்ணலாகாது. நன்கு கொதிக்க வைக்க வேண்டும். ஈரல், இதயம் என்பவற்றைக் கர்ப்பிணி ஊழியர்களுக்குப் பகிரலாகாது.’

பௌஸி அதைத் தமிழில் வாசித்தார். பிறகு பக்கத்தில் இருந்த சிங்களத்தையும் வாசித்தார். அதிலும் அதுவே இருந்தது. திகதியைப் பார்த்தார். ஆறு வருடத்துக்கு முந்தியது.

பிறெடி தன் பையை எடுக்க வந்தான்.

“இத ஏன் ஸ்டிக்கர்ல போடல்ல?” என்று பௌஸி கேட்டார்.

“போட்டா ஆரு நானா வாங்குவாங்க?” பிறெடி பையைத் தூக்கிப் பார்த்தான். “இந்த முறை எனக்குக் கழுத்து. கொஞ்சம் சதையோட வெட்டியிருக்கலாம்.”

முடிவு வர மூன்று கிழமை எடுத்தது. பன்னிரண்டு சான்றிதழ், பன்னிரண்டும் ‘இல்லை.’ சட்டம் போட்டு மாட்டக்கூடிய தடித்த தாள். எப்படிப் பரிசோதித்தார்கள் என்று பௌஸி விசாரித்தார். தட்டை ஜன்னலோரம் கொண்டுபோய், நல்ல வெளிச்சத்தில், இரண்டு உத்தியோகத்தர்கள் உற்றுப் பார்த்திருக்கிறார்கள். ஒருவர் பார்த்தது சரிதானா என்று மற்றவர் பார்த்திருக்கிறார். நுண்ணோக்கி இருக்கிறதாம். அதைக் கண்காட்சிக்கு மட்டும் வெளியே எடுப்பார்களாம்.

டாக்டர் நிஷாந்தி பன்னிரண்டையும் புரட்டிப் பார்த்தாள். அடுக்கித் திருப்பிக் கொடுத்தாள். அன்று இருபத்தோராம் கிழமை. கிழமைகளை இப்போது பௌஸியும் எண்ணினார். கடையில் கோழி நிறுக்கும்போது எண்ணினார். பாங்கு கேட்கும்போது எண்ணினார். பர்ஹாவிடம் இரத்தம் கூடுவதற்கு ஒரு மாத்திரை வர இருக்கிறது, கொஞ்சம் சுணங்குகிறது என்று மட்டும் சொல்லியிருந்தார். ஈரல் ஏன் நின்றுபோனது என்று அவள் கேட்டாள். நல்ல கோழி வருவதில்லை என்றார்.

பணிப்பாளர் கலாநிதி நாகேந்திரத்தைப் பார்க்க அடுத்த கிழமை நேரம் கிடைத்தது. அவர் மரியாதையான மனிதர். எழுந்து நின்று கதிரையைக் காட்டினார். தேநீர் வரவழைத்தார்.

“எனக்கு வேற ஒண்டும் வேணாம் சேர். மருந்த எடுக்க ஒரு கடிதம் போதும். மகள்ட வகுத்துல ஈக்கிற புள்ளக்கித்தான்.”

“உங்கட கவலை எனக்கு விளங்குது,” என்றார் நாகேந்திரம். “நானும் பிள்ளையள் பெத்தவன். ஆனா நீங்களும் ஒண்டை விளங்கிக்கொள்ள வேணும். எங்கட சட்டத்தில ஒட்டுண்ணி எண்டால் என்ன? கண்ணுக்குத் தெரியிற உயிர். புழு, உண்ணி, பேன். கண்ணுக்குத் தெரியாததை நாங்கள் தேடத் தொடங்கினால் அது இருக்கும். பிறகு இல்லையெண்டு எழுத ஏலாது. இல்லையெண்டு எழுத ஏலாட்டி இந்தக் கட்டிடம் என்னத்துக்கு, இவ்வளவு சனம் என்னத்துக்கு?”

பௌஸி பூனையைப் பற்றிக் கேட்டார். டாக்டர் சொன்னதைச் சொன்னார். நாகேந்திரத்தின் முகம் மலர்ந்தது.

“அது எங்கட திட்டம். பண்ணையளில எலி எண்டு முறைப்பாடு வந்தது. நாங்கள் ஒவ்வொரு பண்ணைக்கும் ஆறு பூனை குடுத்தம். எலி போயிட்டுது. பிறகு ஒரு வெளிநாட்டு நிபுணர் வந்து, பூனை தீன் தொட்டிக்குள்ள கழிக்குது, நோய் அங்கயிருந்துதான் வரும் எண்டு அறிக்கை எழுதினார். அதைக் கேட்டுப்போட்டு நாங்கள் சும்மா இருக்கேல்லை. உடனடியா நடவடிக்கை எடுத்தம்.”

“பூனைய எடுத்திட்டீங்களா, சேர்?”

“இல்லை. எல்லாப் பூனைக்கும் பச்சை ஸ்டிக்கர் குடுத்தம்.”

பௌஸி எழுந்து போகவில்லை. அழவுமில்லை. அங்கேயே இருந்தார். அப்படி இருப்பவர்களை என்ன செய்வது என்று அதிகாரசபையின் விதிகளில் இல்லை. கடைசியில் நாகேந்திரம் பண்ணையை நேரில் பரிசோதிக்க உத்தரவிட்டார். விதிப்படி பண்ணைக்காரருக்குப் பதினான்கு நாள் முன்கூட்டி அறிவித்தல் அனுப்ப வேண்டும். அனுப்பினார்கள்.

இருபத்தைந்தாம் கிழமை ஒரு வான் வண்டி நிறைய உத்தியோகத்தர்களோடு பௌஸியும் போனார். கொலன்னாவையைத் தாண்டி ஒரு மணித்தியால ஓட்டம். பண்ணையில் ஒரு கோழி கூட இல்லை. முந்தின நாள் இரவே எல்லாவற்றையும் பெட்டியில் அடைத்து, ஸ்டிக்கர் ஒட்டி, வெள்ளவத்தைக்கும் கொட்டாஞ்சேனைக்கும் அனுப்பிவிட்டதாகப் பண்ணைக்காரர் மறைக்காமல் சொன்னார். தீன் தொட்டிகளில் பூனைகள் படுத்திருந்தன. கழுத்துப்பட்டியில் பச்சை ஸ்டிக்கர் இருந்தது. உத்தியோகத்தர்கள் இளநீர் குடித்தார்கள். வானிலேயே அறிக்கை எழுதினார்கள். ‘பண்ணையில் இருந்த பறவைகளில் ஒன்றிலேனும் ஒட்டுண்ணி காணப்படவில்லை.’ எழுதியதில் பொய் ஒன்றும் இல்லை என்பதைப் பௌஸியும் ஒப்புக்கொள்ள வேண்டியிருந்தது.

கடைக்குத் திரும்பியபோது அந்தப் பண்ணையின் பெட்டிகள் நாலு வாசலில் இறங்கியிருந்தன. பௌஸி அவற்றைத் திறக்கவில்லை. ஒரு மட்டையை எடுத்து, தடித்த பேனையால் எழுதிக் கடை முகப்பில் தொங்கவிட்டார். ‘எந்தக் கோழி என்றாலும் நன்றாக வேகவைக்கவும். ஈரலைக் கட்டாயம் வேகவைக்கவும்.’ இருபத்தாறு வருடத்தில் அவர் கடையில் எழுதித் தொங்கவிட்ட முதல் வாசகம் அது.

அதிகாரசபை முதல் தடவையாக வேகமாக வேலை செய்தது. மூன்றாம் நாளே அழைப்பாணை வந்தது. ஒட்டுண்ணியற்ற நாட்டில் கோழியை வேகவைக்கச் சொல்லிப் பொதுமக்களைப் பீதிக்குள்ளாக்கியது குற்றம். விளக்கம் கொடுக்க நேரில் வர வேண்டும்.

விளக்கம் கேட்க வேண்டிய அத்தனை பேரும் பத்தாண்டு நிறைவு விழாவில் இருந்தார்கள். வெள்ளவத்தையில் ஒரு கல்யாண மண்டபம். பௌஸி அழைப்பாணையோடு அங்கே போனார். வாசலில் இருந்த பெண் அவருடைய பெயரைப் பட்டியலில் பார்த்தாள். கையைப் பிடித்து முன் வரிசையில் இருத்தினாள். அவருடைய பெயர் இன்னொரு பட்டியலிலும் இருந்தது. ஒரே ஆண்டில் அதிக மாதிரி வழங்கிய பொதுமகன். மேடைக்குக் கூப்பிட்டுப் பொன்னாடை போர்த்தினார்கள். ஊழியர்கள் மனதாரக் கைதட்டினார்கள். அவருடைய கோழியைச் சாப்பிட்டவர்கள்.

நாகேந்திரம் நீண்ட நேரம் பேசினார். பத்து வருடத்துக்கு முன் இந்த நாட்டில் ஒட்டுண்ணி பற்றி எவருக்கும் ஒன்றும் தெரியாமல் இருந்தது என்றார். இன்றும் அந்த நிலையைக் கட்டிக்காத்து வருவதற்குக் காரணம் தங்கள் ஊழியர்களின் அர்ப்பணிப்பே என்றார். பிறகு சாப்பாடு. புரியாணி. கோழி நன்றாக வெந்திருந்தது. எலும்பு தானாகக் கழன்றது.

கை கழுவும் இடத்தில் நாகேந்திரம் பௌஸியைத் தனியாகப் பிடித்தார். தாழ்ந்த குரலில் பேசினார். உதவி செய்கிறவரின் குரல் அது.

“யோசிச்சுப் பாத்தனான். உங்களுக்குக் கடிதம் தரலாம். ஆனா பண்ணையில இருக்குது எண்டு தர ஏலாது. பண்ணைக்குச் சான்றிதழ் குடுத்தது நாங்கள். பூனை குடுத்தது நாங்கள். ஆனா உங்கட கடைக்கு நாங்கள் ஒண்டும் குடுக்கேல்லை. உங்கட கடையில, உங்கட கத்தியில, உங்கட பலகையில ஒட்டுண்ணி இருந்தது எண்டு நீங்கள் கையெழுத்து வைச்சால், உண்டு எண்டு நான் கடிதம் தருவன். பீதி வழக்கையும் விட்டிடலாம். அது உண்மையா இருந்தால் பீதி இல்லைத்தானே?”

“வெச்சா மருந்து வருமா, சேர்?”

“கடிதம் வந்தால் மருந்து வரும்.”

பிறெடி தாளோடு தயாராக நின்றான். பௌஸி ஈரக்கையைப் பொன்னாடையில் துடைத்தார். கையெழுத்து வைத்தார். இருபத்தொன்பதாம் கிழமை.

மறுநாள் கடைக்குச் சீல் வைத்தார்கள். கதவில் மூன்று மொழியில் பலகை அடித்தார்கள்: ‘இலங்கையில் ஒட்டுண்ணி காணப்பட்ட ஒரே இடம்.’ அதற்குப் பக்கத்தில் நின்று ஆட்கள் படம் எடுத்தார்கள். பள்ளிவாசலில் இரண்டு பேர் பௌஸிக்கு ஸலாம் சொல்லாமல் விலகிப் போனார்கள். ஒரு பத்திரிகை, கொட்டாஞ்சேனையில் நோயைக் கட்டுப்படுத்திய அதிகாரசபையைப் பாராட்டியது. அன்றிரவு பர்ஹா கடை ஏன் பூட்டியிருக்கிறது என்று கேட்டாள். பெயின்ட் அடிக்கிறோம் என்றார்.

கடிதம் வரவில்லை. பௌஸி பாமன்கடை அதிகாரசபைக்குப் போனார். கடிதம் தட்டச்சாகித் தயாராக இருந்தது. நாகேந்திரத்தின் கையொப்பமும் இருந்தது. முத்திரைதான் இல்லை.

“எங்கட்ட இருக்கிற எல்லா முத்திரையிலயும் ‘இல்லை’ எண்டுதான் இருக்கு, நானா,” என்றான் பிறெடி. “‘உண்டு’க்குப் புதுசாச் செய்ய வேணும். செய்யிற ஆக்களிட்ட விலைக் கேள்விப்பத்திரம் கோரியிருக்கு.”

கேள்விப்பத்திரத்துக்கு ஒருவர்தான் வந்தார். விதிப்படி மூவர் வர வேண்டும். மறுபடி கோரினார்கள். முத்திரையின் நிறத்துக்கு ஒரு குழு போட்டார்கள். பச்சை பொருந்தாது என்பதில் எல்லோரும் ஒற்றுமையாக இருந்தார்கள். வேறு எதிலும் ஒற்றுமை வரவில்லை. முத்திரை இல்லாத கடிதத்தின் பிரதியைப் பௌஸி களஞ்சியத்துக்குக் கொண்டுபோனார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் அலுமாரியில் இப்ஹாம் அனுப்பிய பெட்டி இருந்தது. அதில் பர்ஹாவின் பெயர் எழுதியிருந்தது. உத்தியோகத்தர் பிரதியைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். வருத்தப்பட்டார். திருப்பிக் கொடுத்தார்.

முப்பத்தேழாம் கிழமை பர்ஹாவுக்குப் பிள்ளை கிடைத்தது. ஆண் பிள்ளை. கை கால் எல்லாம் சரி. நல்ல அழுகை. டாக்டர் நிஷாந்தி தொப்புள்கொடி இரத்தத்தை எடுத்து அனுப்பினாள். பிறகு ஒரு நாள் தொலைபேசியில் பௌஸியை அழைத்து, பிள்ளையைக் கண் டாக்டரிடம் காட்டச் சொன்னாள். பர்ஹா பிள்ளை பெற்ற நாற்பது நாளுக்குள் இருந்தாள். வெளியில் போகக் கூடாது. முப்பத்தொன்பதாம் நாள் பௌஸியே பேரனைத் துணியில் சுற்றிப் பொரளைக்குக் கொண்டுபோனார். கண் டாக்டர் இருட்டறையில் பிள்ளையின் இமையைப் பிரித்து வெளிச்சம் பிடித்தார். ஒன்றைப் பார்த்தார். மற்றதைப் பார்த்தார். திரும்ப முதலாவதைப் பார்த்தார். இரண்டு கண்ணிலும் பின்பக்கம் தழும்பாகிவிட்டது என்றார். மருந்து அப்போதே தொடங்கியிருந்தால் ஒருவேளை தடுத்திருக்கலாம், ஏன் தொடங்கவில்லை என்று கேட்டார். பௌஸி அதைச் சொல்லத் தொடங்கினார். உறுதிமொழியில் தொடங்கினார். சேவலில் வந்து நின்றுவிட்டார்.

வீட்டுக்கு வந்து, பிள்ளைக்குச் சளி என்று பர்ஹாவிடம் சொன்னார்.

மறுநாள் நாற்பது முடிந்தது. பர்ஹா குளித்து, புதுச் சட்டை போட்டு, முதல் தடவையாகப் பிள்ளையோடு முன் அறைக்கு வந்து ஜன்னலோரம் இருந்தாள். அஸர் தொழுகைக்குப் பிறகு பிறெடி வந்தான். கையில் நீள உறை. நல்ல செய்தி கொண்டுவருகிறவனின் முகத்தோடு வாசலிலேயே செருப்பைக் கழற்றினான்.

“கடைசியா வந்திட்டு, நானா. நாட்டிலயே முதலாவது. பணிப்பாளர் தானே குத்தினவர்.”

பௌஸி உறையைப் பிரித்தார். தாளின் அடியில் கருநீலத்தில் ‘உண்டு’ என்று இருந்தது. எழுத்து தெளிவாக இருந்தது. பதினான்கு நாளைக்குள் மருந்தை எடுக்க வேண்டும், இல்லாவிட்டால் அழித்துவிடுவார்கள் என்று பிறெடி நினைவூட்டினான். பெற்றுக்கொண்டதற்கு ஒரு புத்தகத்தை நீட்டினான். அவன் காட்டிய இடத்தில் பௌஸி கையெழுத்து வைத்தார்.

ஜன்னலோரத்தில் பர்ஹா பிள்ளையை மடியில் நிமிர்த்தி, அதன் முகத்துக்கு நேரே தன் முகத்தைக் கொண்டுபோனாள். இடப்பக்கம் சாய்ந்தாள். வலப்பக்கம் சாய்ந்தாள். விரலை அசைத்தாள். பிள்ளை மேலே சுற்றிக்கொண்டிருந்த மின்விசிறியின் சத்தத்தை நோக்கித் தலையைத் திருப்பியிருந்தது.

“வாப்பா,” என்றாள், “இவன் என்னப் பாக்கிறானா?”